‘தக்க காரணம்’ எனும் வரையறையும் குழந்தைப் பராமரிப்பும்: அமெரிக்க வேலையின்மைக் காப்பீட்டு வரலாறு

அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் மாநிலங்கள்தோறும் வேலையின்மைக் காப்பீடு உருவாக வழிவகுத்தது. தாமாக வேலையை விட்டவர் உதவித்தொகை பெறத் ‘தக்க காரணம்’ காட்டுதல் வேண்டும். அக்காரணம் வேலையையோ முதலாளியையோ சார்ந்திருத்தல் வேண்டும் எனப் பல மாநிலங்கள் வரையறுத்தன. ஆதலின், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்றி விலகிய தாயின் இடர் அங்குச் சொந்தக் காரணமாகவே கருதப்பட்டது.

வேலைக்கு ஆயத்தமாக இருத்தல் என்னும் நிபந்தனையிலும் இந்நோக்கே நிலவியது. தென் கரோலினா ஆலைத் தொழிலாளி அடெல் செர்பர்ட், சமய நம்பிக்கையால் சனிக்கிழமை வேலையை மறுத்துப் பணியிழந்தார். அவருக்கு உதவித்தொகை மறுத்தது செல்லாது என 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் முடிவை ஏற்றுத் தனியே எழுதிய நீதிபதி ஸ்டூவர்ட், குழந்தையைப் பார்க்க ஆள் கிடைக்காமல் சனிக்கிழமை வேலைக்கு வர இயலாத தாய்க்கும் அம்மாநிலம் உதவித்தொகை மறுக்கும் எனச் சுட்டினார். சமய உரிமைக்கு அரசியலமைப்பு துணைநின்றது. தாய்க்கு அத்துணை இல்லை.

2009ஆம் ஆண்டுச் சட்டம், குடும்பக் காரணங்களை ஏற்கும் மாநிலங்களுக்கு ஊக்கநிதி அளித்தது. அது குடும்ப வன்முறை, குடும்பத்தினரின் நோய், துணைவரின் இடமாற்றம் ஆகியவற்றைச் சுட்டியது; குழந்தைப் பராமரிப்பைத் தனியே சுட்டவில்லை. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்பட்டதால் வேலைக்குச் செல்ல இயலாத பெற்றோரை 2020இல் நடுவண் அரசின் தற்காலிகத் திட்டம் உள்ளடக்கியது. அது 2021 செப்டம்பரில் முடிவுற்றது.

வீட்டில் குழந்தையைப் பார்க்க வேறொருவர் உண்டு என்னும் எடுகோளே இக்காப்பீட்டின் அடித்தளத்தில் உறைந்துள்ளது எனலாம்.