கண் தெரியாதவர் பதித்த சுவர்

மாற்றல் உத்தரவில் 'போல்பூர்' என்று பார்த்தபோது அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. "சாந்திநிகேதன் சார், அதே ஊர்தான்" என்று மேனேஜர் சொன்னபிறகுதான் விளங்கியது. பி.காம் படித்த ஆளுக்குத் தாகூர் என்றால் தாடியும் தேசிய கீதமும்தான் (ஹி.. ஹி..). 2023ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததிலிருந்து ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான்தான் கைடு.

கடைசியாக நான் கூட்டிப்போய் நிறுத்துவது கலாபவனத்தில் உள்ள ஒரு சுவர் முன்னால். பளபளக்கும் பீங்கான் ஓடுகளைப் பதித்துச் செய்த மனித உருவங்கள். போன முறை வந்த மாமா, "என்னடா, பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கு" என்றார்.

"இதைச் செஞ்சவருக்குக் கண் தெரியாது மாமா" என்றேன். அப்புறம் அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

செய்தவர் பெயர் பினோத் பிஹாரி முகர்ஜி. 1904ல் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை கிடையாது, மற்றதில் கடுமையான கிட்டப்பார்வை. அந்த அரைக்கண்ணை வைத்துக்கொண்டு நந்தலால் போஸிடம் ஓவியம் படித்து, அங்கேயே ஆசிரியரும் ஆனார்.

சாந்திநிகேதனில் சுவர் என்பது தனி ஆளின் சொத்து அல்ல. 1930களில் கட்டிய 'காலோ பாரி' (கறுப்பு வீடு) என்ற மாணவர் விடுதியின் மண் சுவர்களில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து புடைப்புச் சிற்பங்கள் செய்து தார் பூசினார்கள். அதே வழியில்தான் 1946-47ல் ஹிந்தி பவனத்தின் சுவர்களில் பினோத் பிஹாரி இடைக்கால பக்தி அடியார்களை வரைந்தார். கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் எல்லாரும் அதில் உண்டு. ஈரச் சாந்து காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டிய முறை அது, ஒருத்தரால் ஆகிற காரியமில்லை. கூட நின்று உதவிய மாணவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். (பொருளாதாரம் படித்தவருக்கே கலை வந்திருக்கிறது. காமர்ஸ்காரன் நான் ஏக்கப்படுவதில் தப்பில்லையே!)

1950களின் கடைசியில் கண்புரை ஆபரேஷன் தோற்றுப்போய், பினோத் பிஹாரிக்கு இருந்த அரைப்பார்வையும் போய்விட்டது. ஓவியனுக்குக் கண் போனால் கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? அவர் மறுபடி கலாபவனத்துக்கே பாடம் நடத்த வந்தார். 1972ல் இந்தச் சுவரைச் செய்தார். காகிதத்தை வெட்டி, மடித்து, விரலால் தடவித் தடவி உருவங்களை அமைத்தார். அவற்றை ஓட்டுக்கு மாற்றிச் சுவரில் பதித்ததில் மாணவர்களின் கைகளும் சேர்ந்தன. முழுப்படம் அவர் மனசில், கண்கள் மற்றவர்களுடையவை. அந்த வருடமே அவரிடம் படித்த சத்யஜித் ரே 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படத்தில் இதைப் பதிவு செய்தார். கிடைத்தால் அவசியம் பாருங்கள்.

இப்போது சொந்தக் கதை.

2006. வேலையில் சேர்ந்த புதிது. எங்கள் கிளைக்குப் பார்வையில்லாத ஒரு வாத்தியார் வந்து செக் புக் கேட்டார். "உங்களுக்குத் தர முடியாது சார். வீட்டில் யாரையாவது சேர்த்து ஜாயிண்ட் அக்கவுண்ட் போடுங்கள்" என்றேன். "என் சம்பளம், என் கையெழுத்து தம்பி" என்றார். நான் ரூல் பேசினேன். அவர் தடியைத் தட்டிக்கொண்டே இறங்கிப் போனார், திரும்ப வரவில்லை. 2008 ஜூனில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது: பார்வையற்றவர்களும் ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர்களே, அவர்களுக்குச் செக் புக், ஏடிஎம், லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது. படித்ததும் அந்தத் தடிச் சத்தம்தான் காதில் கேட்டது.

அந்தச் சுவரைச் செய்யும்போது, "உங்களுக்குப் பதில் வேறு யாராவது செய்யட்டும்" என்று யாரும் அந்தக் கிழவரிடம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று ஓட்டை எடுத்துக் கொடுத்தார்கள். நான் செய்திருக்க வேண்டியதும் அவ்வளவுதான்: ஃபாரத்தைப் படித்துக் காட்டி, கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் விரலை வைத்திருக்க வேண்டும்.

போன மாதம் இங்கே கவுண்டருக்குப் பார்வையில்லாத ஒருவர் வந்தார். என் அரைகுறை வங்காளியில் ஃபாரம் முழுவதையும் படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு தடவை என் உச்சரிப்பைத் திருத்தினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வாத்தியார் எந்த ஊரில் இருக்கிறாரோ, தெரியாது.