அடுத்தவர் வண்டிக்குள் ஒரு வீடு

கேம்பர் வேன் என்றாலே ஃபோக்ஸ்வாகன் பெயர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் அடுப்பும் பொருத்தி அதைக் குடும்பம் தங்கும் இடமாக்கிய வெஸ்ட்ஃபாலியா வேறொரு நிறுவனம். மேற்கு ஜெர்மனியின் வீடன்ப்ரூக் என்ற சிற்றூரில் 1844ல் யோஹான் பெர்ன்ஹார்ட் க்னோபெல் தொடங்கிய கொல்லுப்பட்டறைதான் அதன் மூலம். குதிரை வண்டி செய்துவந்த இந்தக் குடும்பம், மோட்டார் காலம் பிறந்த பிறகும் சொந்தமாகக் கார் செய்து பெயரெடுக்கவில்லை. பெரிய வாய்ப்பைக் கோட்டைவிட்டார்கள் என்று இதைச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறர் செய்த வண்டியோடு தன் வேலைப்பாட்டைப் பிசகில்லாமல் பொருத்துவதையே அவர்கள் தொழிலாக வைத்துக்கொண்டார்கள். பட்டறை ஒரு நூற்றாண்டைத் தாண்டி நிலைத்ததற்கு அதுதான் காரணம்.

இதற்கு முதல் சான்று 1934ல் அவர்கள் கொண்டுவந்த உருண்டைக் கொக்கி. காரின் பின்புறம் எஃகுக் குமிழ் ஒன்று, இழுவை வண்டியின் முனையில் அதைக் கவ்விக்கொள்ளும் கிண்ணம் ஒன்று, அவ்வளவுதான். சாலை வளைந்தாலும் ஏறி இறங்கினாலும் இணைப்பு எல்லாப் பக்கமும் திரும்பிக்கொடுக்கும். கார் யாருடையதாக இருந்தாலும் சரி, இரண்டையும் சேர்க்கும் இடம் வெஸ்ட்ஃபாலியாவுடையது. கார் இழுத்துச் செல்லும் கேரவன்களையும் அதே பத்தாண்டில் அவர்கள் செய்துவந்தார்கள். குறுகிய இடத்தில் படுக்கையை மடக்கிவைக்கும் பழக்கம் கைகளுக்கு அப்போதே வந்துவிட்டது.

1950ல் ஃபோக்ஸ்வாகன் வேன் உற்பத்தி தொடங்கியது. எஞ்சின் பின்னால் இருந்ததால் நடுவில் தட்டையான, தடையில்லாத தரை கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் வெஸ்ட்ஃபாலியா அதற்கென ‘கேம்பிங் பாக்ஸ்’ என்ற மரச்சாமான் தொகுப்பைச் செய்தது. இருக்கைகளை விரித்தால் படுக்கை. வேண்டாதபோது பெட்டியையே வெளியே எடுத்துவிடலாம். இப்படிக் கழற்ற முடிந்ததுதான் இதில் முக்கியம். போரில் நொறுங்கி மீண்டுகொண்டிருந்த நாட்டில், சரக்குக்கு ஒரு வண்டியும் உல்லாசத்துக்கு இன்னொன்றும் வைத்துக்கொள்ளச் சிறு வியாபாரிக்கு வசதியில்லை. வாரநாளில் சரக்கு ஏற்றிய வேன் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஏரிக்கரைக்குப் போனது. ஜெர்மனியில் இருந்த அயல்நாட்டுப் படை அதிகாரி ஒருவர் கேட்டதால்தான் இந்த யோசனை பிறந்தது, குடும்பத்துக்கு இதில் பெருமையில்லை என்று வாதிடுவோர் உண்டு. கதை உண்மையாகவே இருக்கட்டும். கேட்டவர் ஒருவர், ஒருமுறை கேட்டதைத் திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய பொருளாக மாற்றப் பழகிய பட்டறை வேண்டாமா? இங்கிலாந்தில் டோர்மொபைல் என்ற கேம்பர் வேன்களைக் கொண்டுவந்த ஃபோக்ஸ்டோன் நகரத்து மார்ட்டின் வால்ட்டர் நிறுவனமும் குதிரைச் சேணம் தைத்த பழைய தொழிலில் வேர்விட்டதுதான். குதிரைக்கால வேலைப்பாடு இரண்டு நாடுகளில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்று தள்ள மனம் வரவில்லை.

அடுத்தவர் வண்டியை நம்பிய தொழில் அடுத்தவர் முடிவால் முடியும் என்பது இன்னும் கனமான மறுப்பு. நடந்தது அதற்குப் பொருந்துவதுபோலவே தெரிகிறது. 1988ல் தொடங்கிய ‘கலிபோர்னியா’ வேன்களின் உள்வேலையை வெஸ்ட்ஃபாலியாதான் செய்தது. 2003ல் வந்த புதிய மாடலிலோ ஃபோக்ஸ்வாகன் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. ஆனால் அதற்கு முன் நடந்ததையும் பார்க்க வேண்டும். வெஸ்ட்ஃபாலியாவின் வேன் பிரிவில் 1999ல் பங்கு வாங்கிய, மெர்சிடிஸ் வண்டிகளைச் செய்யும் டைம்லர் நிறுவனம், அடுத்த சில ஆண்டுகளில் அதை முழுதாகவே தன்வசமாக்கியது. தன் புது மாடலின் அளவுகளைப் போட்டியாளரின் தொழிற்சாலைக்கு எந்த நிறுவனம் மனமுவந்து அனுப்பும்? 1980களில் ஃபோர்டுக்கு ‘நக்கெட்’, மெர்சிடிஸுக்கு ‘ஜேம்ஸ் குக்’ என்று எல்லோருக்கும் வேலை செய்ய முடிந்தது, எவருக்கும் சொந்தமாகாமல் இருந்ததால்தான். கேம்பர் வேன்களின் சந்தை பெருகியபோது ஃபோக்ஸ்வாகன் எப்படியும் பிரிந்திருக்கலாம். அதை மறுக்க முடியாது. இருந்தாலும் சார்ந்திருந்ததைவிட, சார்ந்தவர்களில் ஒருவருக்கு உடைமையானதே பெரிய கேடு என்றுதான் நினைக்கிறேன். வேன் பிரிவு 2010ல் திவாலாகி, பிரான்ஸின் ராப்பிடோ குழுமத்தின் கைக்குப் போனது. கொக்கிப் பிரிவோ தனி நிறுவனமாகப் பிரிந்து, எந்தக் கார் கம்பெனி என்று பாராமல் எல்லா வகைக் கார்களுக்கும் இழுவைக் கொக்கி செய்துவந்தது.