நீரடியிற் கிடக்கும் ஊர்: மஸ்கெலியாக் குடியேற்ற நினைவுகள் சில

வரலாறு எழுதுவோர் சாசனங்களையும் அரசாங்க அறிக்கைகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். எழுத்தறிவு நெடுங்காலம் எட்டாதிருந்த ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எழுத முற்படும்போது இவ்வழக்கம் போதாதென்பது புலனாகும். மலையகத் தமிழரின் வருகை பற்றித் தோட்டத் துரைமாரும் குடியேற்றநாட்டு அதிகாரிகளும் எழுதிவைத்தவை ஏராளம்; வந்தவர்கள் எழுதிவைத்தவை மிகச் சிலவே. அவர்தம் வரலாற்றின் பெரும்பகுதி நினைவுகளிலேயே தங்கியுள்ளது. அந்நினைவுகளை வரலாற்று மாணவன் எவ்வாறு கையாளலாம் என்பதனைச் சிவனொளிபாதமலையின் அயலில், மலையும் நீரும் சூழ அமைந்த மஸ்கெலியாப் பிரதேசத்தைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மத்திய மலைநாட்டிற் கோப்பிச் செய்கை 1820களிலேயே தொடங்கியதாயினும், திம்புள்ளை, டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய உயர்நிலக் காடுகள் 1860களிலும் 1870களிலுமே பெருமளவில் வெட்டித் திறக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை நாளடைவில் அழித்தது. இடையிற் சில காலம் கொயினா பயிரிடப்பட்டது. 1880களின் பின் தேயிலை எங்கும் பரவியது. இதனை வெறும் பயிர் மாற்றமாகக் கொள்ளலாகாது. கோப்பிக்குப் பருவகாலத்திலேயே ஆட்கள் மிகுதியாக வேண்டியிருந்தனர். பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆட்கள் தேவைப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளும் உடன் வந்தனர். லயங்களிற் குடும்பங்கள் நிலைத்தன. வருகை குடியேற்றமாக மாறியது தேயிலையுடனேயே எனலாம்.

இக்குடியேற்றம் பற்றி முதியோர் கூறும் கதைகள் பெரும்பாலும் ஒரு நடையாத்திரையுடனேயே தொடங்கும். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குச் சென்ற காட்டுப்பாதை, குடிக்க நீரின்மை, வாந்திபேதி, வழியில் விட்டுவரப்பட்ட பிணங்கள் என்பன அவற்றில் இடம்பெறும். தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி ஆசை காட்டியமையும் தவறாது சொல்லப்படும். கங்காணிக்குப் பட்ட கடனும், அக்கடனைக் குறித்துக் கொடுக்கப்பட்ட 'துண்டு' முறையும் அடுத்து வரும். இம்முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று பூர்வீக ஊர்களின் பெயர்களும் தொடரும். அரசாங்க அறிக்கையில் வந்தோர் வெறும் தொகையாகவே நிற்கின்றனர். நினைவிலோ அவர்களுக்கு ஊரும் உறவும் உண்டு.

எனினும், நினைவை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனை எட்டியது. 1914இல் தலைமன்னார் வழி திறக்கப்பட்டது. அதன்பின் வந்தோர் மண்டபம் முகாமிற் தடுத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டு, கப்பலிலும் புகையிரதத்திலுமே வந்தனர். அவ்வாறு வந்த குடும்பங்களிலும் "எங்கள் பாட்டன் காடுவழி நடந்து வந்தார்" என்னும் கதை வழங்குதல் கூடும். இதனைப் பொய்யென்று தள்ளுதல் எளிது. ஆனால் முன்னோர் சிலரின் துயரத்தை ஒரு சமூகம் முழுவதும் தன் பொதுச் சொத்தாக ஏற்றுக்கொண்டமைக்கு அது சான்றாகின்றது. காலக்கணிப்பும் இத்தகையதே. பிறந்த ஆண்டை எண்ணாற் கூறாத முதியோர், இன்ன துரை காலத்தில் என்றோ, 1947ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்கு முன் என்றோ கூறுவர். அந்நிகழ்ச்சிகளின் ஆண்டை ஆவணம் தருகின்றது; அவ்வாண்டிற்கு மனிதரைத் தருவது நினைவு.

மஸ்கெலியாவுக்கு உரிய சிறப்பான நினைவு ஒன்று உண்டு. அது இரண்டாம் குடியேற்றத்தின் நினைவாகும். களனி கங்கையின் தலையாறுகளான கெகல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் நீர்மின் உற்பத்திக்காக மறிக்கப்பட்டன. காசல்றீ அணை 1965இலும் மவுசாக்கலை அணை 1969இலும் நிறைவெய்தின. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தினுட் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. மேட்டு நிலத்திற் புதிய நகரம் எழுந்தது. கடுங்கோடையில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளிப்படுகின்றன. அவற்றைக் காணச் செல்லும் மூத்தோர், கடைத்தெரு எங்கே, தேர் திரும்பிய மூலை எங்கே என்று சேற்றின்மேல் நின்று இளையோருக்குச் சுட்டிக்காட்டுவர். அவ்வேளையில் நினைவே அவ்வூரின் வரைபடமாகிவிடுகின்றது. இந்நீரிலிருந்து பிறந்த மின்சாரம் நாடெங்கும் சென்றது. அதன் கரையிலிருந்த லயங்கள் பலவற்றிற்கோ அது பல்லாண்டுகள் எட்டவில்லை என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அணைகள் எழுந்த அதே காலத்திலேயே மனிதரும் இடம்பெயர்க்கப்பட்டனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946 ஜனவரிக்கு முன் மணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் தொடர்ந்து வசித்தமையை நிரூபிக்குமாறு கோரியது. ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டபோதும், குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. தாம் வாழ்ந்த மண்ணைப் பற்றிய நினைவு அவர்களிடம் நிறைய இருந்தது, கேட்கப்பட்டதோ கடதாசி. அதனைத் தரவல்ல பதிவேடுகள் தோட்டக் காரியாலயத்தில் இருந்தன. 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியவராயினர். எஞ்சிய நாடற்றோர் பிரச்சினைக்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களே தீர்வு தந்தன.

ஆகவே, குடியேற்ற நினைவுகளைத் தொகுத்தல் பழங்கதை கேட்கும் பொழுதுபோக்கன்று. யார் இந்நாட்டவர் என்னும் வினாவுக்கு ஆவணம் மட்டுமே விடையாகக் கொள்ளப்பட்டபோது நேர்ந்த அநீதியை நாம் அறிவோம். மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை இத்துறையில் ஒரு வழியைத் திறந்துவைத்தார். 2023இல், வருகையின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தனர். அந்நடையின் தொடர்ச்சி பல்கலைக்கழகத்திலும் நிகழவேண்டும். பழைய மஸ்கெலியாவிற் பிறந்து வளர்ந்தோர் இன்று முதுமை எய்திவிட்டனர். விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பாட்டியின் அல்லது பாட்டனின் நினைவைக் கேட்டு, நாளும் இடமும் குறித்து எழுதி, பதிவேடுகளுடன் ஒப்புநோக்கி வைப்பாராயின் அது பெரும்பணியாகும். நீரடியில் மூழ்கிய ஊர் கோடை தோறும் ஒருமுறையேனும் தலைகாட்டலாம். மனிதரோடு மறைந்த நினைவுகளோ மீள்வதில்லை.