பிரெடரிக்ஸ்பர்க் குடியேற்றமும் கொமாஞ்சி உடன்படிக்கையும்

டெக்சாஸ் மாநிலத்தின் நடுவே, சுண்ணாம்புக் குன்றுகளும் ஓக் மரங்களும் விரவிய மேட்டுப் பிரதேசத்தில், பெடர்னாலிஸ் ஆறு பாயும் கில்லெஸ்பி கவுண்டியிலே பிரயாணம் செய்பவர்களுக்குச் சாலையோரங்களிலும் பழைய தேவாலயங்களின் வாசல்களிலும் நாட்டுப்புறப் பள்ளிக்கூடங்களின் முன்னும் சரித்திர நினைவுச் சின்னங்கள் அடிக்கடி தென்படும். அவற்றுள் மூத்தவை, டெக்சாஸ் சுதந்திரம் பெற்ற நூற்றாண்டை ஒட்டி 1936-ஆம் வருஷத்தில் மாநில அரசு நாட்டிய கருங்கற்கள். வெண்கல நட்சத்திரமும் இலைமாலையும் பதித்தவை. 1962-க்குப் பின் வந்தவை வார்ப்பு அலுமினியத் தகடுகள். இரண்டு வகையுமே பெரும்பாலும் குடியேறியவர்களின் சரித்திரத்தையே பேசுகின்றன. இந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தில் தலைமையான சம்பவம் குடியேற்றம் அன்று, அதற்கு மறுவருஷம் நடந்த உடன்படிக்கையே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஜெர்மானியப் பிரபுக்கள் சிலர் 1842-இல் ரைன் நதிக்கரையிலுள்ள பீப்ரிக் என்னும் ஊரில் கூடி, தம் நாட்டு ஏழை ஜனங்களை டெக்சாஸில் குடியேற்றும் உத்தேசத்துடன் ஒரு சங்கம் அமைத்தார்கள். யானோ ஆற்றுக்கு வடக்கே 30 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின்மேல் குடியேற்ற உரிமையை அச்சங்கம் விலைக்கு வாங்கியது; அந்நிலம் கொமாஞ்சி என்னும் பூர்வகுடி மக்களின் வேட்டைக்காடு என்பதை விற்றவர்கள் சொல்லவில்லை, வாங்கியவர்களும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. அந்த அலட்சியத்தின் பலனை அனுபவித்தவர்கள் பிரபுக்கள் அல்லர். மெக்ஸிகோ வளைகுடாக் கரையில் கப்பலிலிருந்து இறங்கிய குடும்பங்கள், 1845-46-ஆம் வருஷத்துக் குளிர்கால மழையில், கூடாரங்களிலும் மண்குழிகளிலும் தங்கி, உள்நாட்டுக்குப் போக வண்டி கிடைக்காமல் தவித்தன. அடுத்துத் தொடங்கிய மெக்ஸிகோ யுத்தத்துக்காகச் சேனை வண்டிகளை அமர்த்திக்கொண்டபோது நடந்தே புறப்பட்டவர்களில் நூற்றுக்கணக்கானோர் வியாதியாலும் பசியாலும் வழியிலே மாண்டார்கள்.

இந்தத் துயரத்தின் நடுவிலேதான், சங்கத்தின் புதிய அதிகாரியாக வந்த ஜான் மெய்சபாக், பிறப்பால் தமக்கிருந்த பிரபுப் பட்டத்தைத் துறந்துவிட்டுச் சாதாரணக் குடிமகனாக நின்ற மனிதர், 1846 மே 8-இல் பிரெடரிக்ஸ்பர்க் என்னும் ஊரை நிறுவினார். சங்கத்தின் முந்தைய குடியேற்றமான நியூ பிரான்பெல்ஸிலிருந்து 16 நாள் பிரயாணம் செய்து வந்துசேர்ந்த முதல் கூட்டத்தார் ஏறக்குறைய 120 பேர். ஊருக்குள் ஒரு மனையும் ஊருக்கு வெளியே 10 ஏக்கர் நிலமும் குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டன. மறுவருஷமே பெருவீதியின் மத்தியில் எண்கோண வடிவமாக ஒரு கட்டடம் எழுந்தது. புராட்டஸ்டண்டுகளுக்கும் கத்தோலிக்கருக்கும் பொதுக் கோயிலாகவும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாகவும், ஆபத்து வந்தால் கோட்டையாகவும் பயன்பட வேண்டுமென்று கட்டிய அதனை, அதன் வடிவத்தைக் கண்டு, காப்பி அரைக்கும் யந்திரம் என்று ஊரார் செல்லமாக அழைத்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் அது இடிக்கப்பட்டது. இப்போது நிற்பது 1930-களில் கட்டிய பிரதி.

உடன்படிக்கைக்கு வருவோம். 1847 ஜனவரியில் ஏறக்குறைய 40 பேருடன் மெய்சபாக் வடக்கே புறப்பட்டார். அது அபாயமான காரியம் என்று எச்சரிக்கும்படி டெக்சாஸ் கவர்னர் அனுப்பிய ராபர்ட் நெய்பர்ஸ் என்ற அதிகாரி, வழியில் அவர்களை எட்டிப் பிடித்தவர், தடுப்பதை விட்டுத் தாமும் உடன்சென்றார். நிலநூல் அறிஞர் பெர்டினண்ட் ரோமரும் கூடச் சென்றார். டெலவேர் இனத்தவரான ஜிம் ஷா துபாஷியாக இருந்தார். கொமாஞ்சிகளின் பாசறையை அடைந்ததும், தமக்குப் பகையெண்ணம் இல்லை என்று காட்ட மெய்சபாக்கின் ஆட்கள் தம் துப்பாக்கிகளை வானத்தில் சுட்டு வெறுமையாக்கினார்கள் என்று சொல்லுவர். மார்ச் முதல் இரு நாட்களில் சான் சபா ஆற்றங்கரையில் சாந்தா அன்னா, எருமைத்திமில், முதிய ஆந்தை ஆகிய தலைவர்களுடன் பேச்சு நடந்தது. மே 9-இல், ஊர் நிறுவி ஓராண்டும் ஒரு நாளும் ஆன பிறகு, பிரெடரிக்ஸ்பர்க்கிலேயே கையொப்பமாயிற்று.

அதன் ஷரத்துக்கள் எளியவை: ஜெர்மானியர் கொமாஞ்சிகளின் நிலத்தில் அச்சமின்றிச் சஞ்சரிக்கலாம், நிலத்தை அளக்கலாம், கொமாஞ்சிகள் ஜெர்மானியர் ஊர்களுக்குத் தடையின்றி வந்துபோகலாம், ஒரு தரப்பார் செய்த தீங்கை மறு தரப்பார் அறிவித்து நியாயம் கேட்கலாம். பரிசுப் பொருள்களும் கொடுக்கப்பட்டன. பிற்காலத்தில் வேறு கூட்டத்தாரின் தாக்குதல்கள் அப்பிரதேசத்தில் நேர்ந்தது உண்மைதான். ஆயினும் இந்த உடன்படிக்கை மீறப்படாதது என்று ஊரார் இன்றும் பெருமையுடன் கூறுவதற்கு ஆதாரமில்லாமல் இல்லை. அங்கே குடியிருந்தவர்களிடம் போய், எதிரே அமர்ந்து, அனுமதி கேட்டுப் பெற்ற குடியேற்றங்கள் அமெரிக்கச் சரித்திரத்தில் எத்தனை உண்டு? ஐரோப்பாவில் தங்கிவிட்ட மூல ஏட்டை மெய்சபாக்கின் பேத்தியார் 1970-இல் திரும்பக் கொணர்ந்தார். 1972-இல் அது டெக்சாஸ் மாநில நூலகத்துக்கு வழங்கப்பட்டது.

இவ்வூரில் காணத்தக்க மற்றொரு விசேஷம் ஞாயிற்றுக்கிழமை வீடுகள். தொலைவிலுள்ள பண்ணைகளில் வாழ்ந்தவர்கள், சனிக்கிழமை வண்டி பூட்டி வந்து, விளைபொருளை விற்று, வேண்டியதை வாங்கி, மறுநாள் ஆராதனை முடிந்து திரும்பும்வரை தங்குவதற்கென்று ஊருக்குள் கட்டிய சிறு வீடுகள் அவை. ஓர் அறை, பின்புறம் சாய்ப்பில் சமையற்கட்டு, பிள்ளைகள் படுக்க ஒரு பரண். பரணுக்கு ஏறும் படிக்கட்டு வீட்டுக்குள் இடத்தை அடைக்காதபடி வெளிச்சுவரை ஒட்டியே அமைந்திருக்கும்.

உள்நாட்டுப் போரில் இந்த ஜெர்மானியர் பலர் தென்மாநிலங்களின் பிரிவினையை ஏற்கவில்லை. மெக்ஸிகோவுக்குத் தப்பிச் சென்ற ஒரு கூட்டத்தை 1862 ஆகஸ்ட் 10-இல் நியூசஸ் ஆற்றருகே தென்சேனை தாக்கியது, காயப்பட்டவர்களையும் கொன்றது. போர் முடிந்தபின் எலும்புகளைச் சேகரித்து வந்து, பக்கத்துக் கவுண்டியிலுள்ள கம்பர்ட் என்ற ஊரில் அடக்கம் செய்து, 1866-இல் ஜெர்மன் மொழியில் பெயர்களைப் பொறித்த சுண்ணாம்புக்கல் தூண் ஒன்றை உறவினரும் நண்பரும் எழுப்பினார்கள். அரசாங்கம் நாட்டிய எந்தக் கல்லையும்விட அது என்னைக் கவர்கிறது. துக்கப்பட்டவர்களே எழுதி வைத்தது அது.

கொமாஞ்சிகளுக்கு அத்தகைய தூண் அமையவில்லை. அவர்கள் பயபக்தியுடன் போற்றிய மந்திரப் பாறை என்னும் மாபெரும் கருங்கல் குன்றில் 1936-இல் வைத்த சாசனம், 1841-இல் அதன் உச்சியிலிருந்து தனியொருவராகக் கொமாஞ்சிகளை முறியடித்ததாகச் சொல்லப்படும் காப்டன் ஹேஸின் வீரத்தைத்தான் கொண்டாடுகிறது. உடன்படிக்கையில் கையொப்பமிட்ட பெனடெக்கா பிரிவுக் கொமாஞ்சிகள், கொள்ளைநோயால் மெலிந்து, பிராசோஸ் ஆற்றுப் பக்கத்தில் ஒதுக்கிய நிலத்தில் சிறிதுகாலம் அடைபட்டிருந்து, 1859-இல் டெக்சாஸை விட்டே வடக்கே இந்தியர் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளைக் குடியேறிகளின் கோபத்திலிருந்து அவர்களைக் காத்து அழைத்துச் சென்றவர், 12 வருஷங்களுக்கு முன் மெய்சபாக்குடன் சென்ற அதே நெய்பர்ஸ். பூர்வகுடிகளுக்குப் பரிந்து பேசியதற்காக அவர்மேல் மூண்டிருந்த பகை தீரவில்லை. அவர்களைக் கொண்டுசேர்த்துவிட்டுத் திரும்பிய அந்தச் செப்டம்பரிலேயே, பெல்க்நாப் கோட்டையருகே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.