திண்ணையில் ஒலித்த வெண்பா

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பில் ஒரு கணக்கு இருக்கிறது: மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். தமிழ் ஊர்களில் அவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். கணக்கில் ஏறாமல் போனது அங்கே எழுந்த சத்தம். சட்டாம்பிள்ளையான மூத்த மாணவன் ஓரடி சொல்ல, மற்றப் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்ல, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தெருக்கோடி வரை கேட்கும்.

சென்னை ஆண் அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதும் வழக்கத்தை இங்கத்திய பள்ளியைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார். 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலால் பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தில் பரவியது. மணல் கப்பலேறியது, பாட்டு இங்கேயே தங்கிவிட்டது.

எதற்கு இத்தனை சத்தம்? ஓலைச்சுவடியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளி இராது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். செய்யுளின் அடிகள்கூடத் தனித்தனியே நில்லாமல் ஒரே ஓட்டமாக ஓடும். வாய்விட்டுப் படித்தால்தான் எதுகை காதில் விழும். அடுத்த அடி தொடங்கிவிட்டது என்று தெரியும். வெண்பாவின் ஈற்றடி மூன்றே சீரில் நின்றுவிடுவதால் குரல் தானாக அங்கே இறங்கும். ஏடு எழுதியவர் ஓரெழுத்தை விட்டிருந்தால் ஓசை தட்டும், பிழை அகப்படும். பொருள் புரியாத வயதிலேயே பிள்ளைகளின் காது இதற்குப் பழகியது. கூட்டமாகக் கத்துவதில் இருந்த குஷியைச் சொல்லவே வேண்டாம்.

இந்தப் பயிற்சியில் வளர்ந்தவர்தான் உ.வே.சாமிநாதையர். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். 1871-இல் சாமிநாதையர் மாயூரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்தபோது, அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்கத் தொடங்கினார். பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை, இசைப்பயிற்சி நின்றது. ஆனால் கற்ற கொஞ்சம் வீண்போகவில்லை. 1880-இல் தியாகராச செட்டியாருக்குப் பிறகு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானதும், வகுப்பில் செய்யுட்களை இசையோடு படித்துத்தான் பாடம் சொன்னார். மாணவர்கள் சொக்கிப்போனார்கள். வெண்பாவுக்குச் சங்கராபரணம், கட்டளைக் கலித்துறைக்குப் பைரவி என்று அந்நாளில் ஒரு மரபே உண்டு. குரு தடுத்த சங்கீதம் சீடருக்கு வகுப்பறையில் கைகொடுத்தது வேடிக்கைதான்.

அச்சு வந்து புள்ளி வைத்தது, அடி பிரித்தது, பிறகு சந்தியும் பிரித்தது. கண்ணே போதும் என்றாகிவிட்டது. சுவடிகளை அச்சேற்றியதில் முன்நின்றவரும் அதே சாமிநாதையர்தான்; சீவகசிந்தாமணி 1887-இல் வெளிவந்தது.

அச்சைக் குறை சொல்ல முடியாது. குரலை வெளியேற்றியது தேர்வு. பாடநூலில் ‘மனப்பாடப் பகுதி’ இன்றும் இருக்கிறது. ஆனால் எழுதினால்தான் மதிப்பெண். அதனால் பிள்ளைகள் செய்யுளைப் பத்து முறை எழுதிப் பார்க்கிறார்கள், ஒருமுறைகூடப் பாடிப் பார்ப்பதில்லை. பொருள் சொல்லத் தொடங்குமுன் தமிழாசிரியர்கள் பாட்டை முழுதாக ஒருமுறை தம் குரலில் படித்துவிட்டு, பிறகு வகுப்பையே சேர்ந்து சொல்ல வைக்கலாம். ஐந்து நிமிடம் போதும்; வெண்பாவுக்கு அதுகூட ஆகாது.