சிவப்பா இருந்தா எல்லாம் ஒரே ஆயிலா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து அப்பா கூப்பிட்டார். வழக்கமா மாங்காய் விலை, மழை, அம்மாவோட சர்க்கரை அளவு என்று ஆரம்பிப்பவர், அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "கண்ணு, இனி நான் வண்டி எடுக்கறதா இல்லைடா. பொள்ளாச்சி போயிட்டு வர்றதுக்குள்ள நாலு எடத்துல வண்டி உதறிப்போச்சு. என் காலு சொன்னபடி கேக்க மாட்டேங்குது போல" என்றார்.

எங்க ஊர் கோவிந்தாபுரம். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகிற சாலையில் கேரளாவுக்குள் நுழைந்ததும் வருகிற ஊர். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். அப்பா நாற்பது வருஷம் அம்பாசிடர் ஓட்டியவர். இடது முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோது பாதி ஆளாகிவிட்டார். அதனால்தான் நானும் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளையும் சேர்ந்து, கிளட்ச் இல்லாத ஒரு செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேடிக் வண்டி வாங்கிக் கொடுத்தோம். மனுஷன் பத்து வயசு குறைந்த மாதிரி ஆனார். அவர் வாயாலேயே "இனி எடுக்கறதா இல்லை" என்று கேட்டதும் எனக்கு இங்கே மஸ்கட்டில் வேலை ஓடவில்லை.

மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டேன். "வண்டில ஏதாவது வேலை பாத்தீங்களா மாப்ள?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க மச்சான். போன வாரம் கியர்பாக்ஸ் ஆயில் மாத்துனோம். இந்த வண்டிக்கு ஏதோ தனி ஆயில்னு புக்குல போட்டிருக்குதேன்னு கேட்டேன். 'சிவப்பு ஆயில்தானுங்க, எல்லாம் ஒண்ணுதான்'னு மெக்கானிக் சொல்லிட்டார்."

மேட்டர் பிடிபட்டுவிட்டது. உதறியது அப்பாவின் கால் இல்லை, ஆயில்.

ஆனால் அந்த மெக்கானிக்கைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவர் சொன்னது ஒரு காலத்தில் ஏறக்குறைய உண்மை. அது எப்போது உண்மையாக இருந்தது, எப்போது பொய்யானது என்று பார்க்கலாம், வாங்க. கொஞ்சம் பெரிய கொசுவத்திச் சுருள்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில், இந்த ஆயில் என்ன வேலை செய்கிறது? என்ஜின் ஆயிலுக்கு முக்கிய வேலை உராய்வைக் குறைப்பது. ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு நாலு வேலை. என்ஜினின் விசையைச் சக்கரப் பக்கம் கொண்டுபோக வேண்டும். தன் அழுத்தத்தால் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்த வேண்டும். பல்சக்கரங்களுக்கு வழவழப்புத் தர வேண்டும். சூட்டை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. பல்சக்கரத்தில் வழுக்க வேண்டிய அதே எண்ணெய், கிளட்ச் தட்டில் பிடிக்க விட வேண்டும். அதிகமாகப் பிடித்தால் வண்டி குதிக்கும், குறைவாகப் பிடித்தால் நழுவும். இந்த ஆயிலின் வரலாறு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த பேரம்தான்.

எண்ணெய் வழியாக விசையைக் கடத்தலாம் என்று காட்டியவர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியர். 1905-ல் காப்புரிமை வாங்கினார். அவர் யோசித்தது காருக்கு அல்ல, கப்பலுக்கு. வேகமாகச் சுழலும் டர்பைனையும் மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியையும் இணைக்க ஒரு வழி தேடினார். இன்று நம் வண்டியில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் அந்த வம்சம்தான்.

காரில் அது பெரிய அளவில் வந்தது அமெரிக்காவில். ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் ஹைட்ராமேடிக் என்ற கியர்பாக்ஸை அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் கொடுத்தது. கிளட்ச் பெடலே இல்லாமல், ஏராளமாகத் தயாரித்து விற்ற முதல் முழு ஆட்டோமேடிக் அதுதான். இரண்டாம் உலகப்போரில் எம்-5 ஸ்டூவர்ட் போன்ற டாங்கிகளிலும் அதைப் பொருத்தினார்கள். அப்போது அதில் ஊற்றியது என்ஜின் ஆயில் மாதிரியான ஒரு எண்ணெய்தான். கார்கள் பெருகப் பெருக அது போதவில்லை.

1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'டைப் ஏ' என்று ஒரு தரம் வகுத்தது. எந்த எண்ணெய்க் கம்பெனி வேண்டுமானாலும் தயாரிக்கலாம், சோதனையில் தேறினால் டின்னில் போட ஒரு தகுதி எண் கிடைக்கும். நம்ம ஊர் ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி. என்ஜின் ஆயிலிலிருந்து பிரித்துக் காட்டவும், தரையில் சொட்டினால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியவும் சிவப்புச் சாயம் சேர்த்தார்கள். அந்தச் சிவப்புக்கு வேறு எந்த வேலையும் கிடையாது. வெறும் சாயம். 1957-ல் அதையே திருத்தி இன்னொரு தரம் வந்தது. 1967-ல் டெக்ஸ்ரான் என்ற பெயர் வந்தது.

இங்கேதான் கதையில் திமிங்கிலம் வருகிறது. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கிளட்ச் தட்டு குதிக்காமல் பதமாகப் பிடிக்க, எண்ணெயில் சிறிதளவு வேறொரு பொருள் கலக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதற்குக் கிடைத்த அருமையான சரக்கு எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய். அது நம் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மாதிரி கொழுப்பு வகை இல்லை. பெரும்பகுதி திரவ மெழுகு. சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும், இரும்பில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கச் சாலைகளில் ஓடிய எத்தனையோ கார்களின் கியர்பாக்ஸில் நடுக்கடலில் வேட்டையாடிய திமிங்கிலத்தின் எண்ணெய் இருந்தது.

1970-ல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்தது. 1973-ல் சட்டம் இன்னும் இறுகியது. பிறகு உலக அளவில் வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்த 1982-ல் முடிவாகி 1986-ல் நடைமுறைக்கு வந்தது. எண்ணெய்க் கம்பெனிகள் மாற்று தேடி ஓடின. டெக்ஸ்ரான்-2 வந்தது. அதன் முதல் வடிவத்தில் துருவைத் தடுக்கச் சேர்த்த பொருள், ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் பற்றவைப்பையே அரித்துவிட்டது. அதைச் சரிசெய்து டெக்ஸ்ரான் 2-டி வந்தது. அதே சமயம் ஹோஹோபா என்ற பாலைவனச் செடியின் விதை எண்ணெயும் திரவ மெழுகுதான் என்பதால் அதன் பக்கம் ஆராய்ச்சி திரும்பியது. இன்று நம் ராஜஸ்தானிலும் அதைப் பயிரிடுகிறார்கள். ஒரு பொருளை எடுத்து இன்னொன்றைப் போட்டால் எதிர்பாராத இடத்தில் அடி விழும் என்பதற்கு இந்தச் சம்பவம் நல்ல பாடம்.

அந்த நாளிலேயே ஒரு குடும்பம் தனியாக நின்றது. ஃபோர்டு கம்பெனி பதமாகப் பிடிக்கும் எண்ணெய் வேண்டாம், சட்டென்று பிடிப்பதுதான் வேண்டும் என்று 'டைப் எஃப்' வைத்திருந்தது. 1987-ல் மெர்கான் என்ற தரத்தைக் கொண்டுவந்து, டெக்ஸ்ரானுக்கு நெருக்கமாக வந்தது. அதற்குப் பிறகு ஒரே டின்னில் 'டெக்ஸ்ரான்-2, மெர்கான்' என்று இரண்டு பெயரையும் அச்சடித்தார்கள். சிவப்பு ஆயில் எல்லாம் ஒன்றுதான் என்ற பேச்சுக்குப் பொற்காலம் இதுதான்.

நம்ம ஊருக்கு அந்தப் பேச்சு வந்த வழியே வேறு. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி எல்லாம் கிளட்ச் வண்டிகள். நம் பட்டறைகளுக்குச் சிவப்பு ஆயில் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் வழியாக நுழைந்தது. நிறைய வண்டிகளின் பவர் ஸ்டீயரிங்குக்கு டெக்ஸ்ரான் வகை ஆயில்தான். அந்த வேலைக்கு ஏதோ ஒரு சிவப்பு டின் இருந்தால் பெரும்பாலும் ஒப்பேறிவிடும். இருபது வருஷம் அப்படியே ஒப்பேறியதைத்தான் எங்க மெக்கானிக் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கும் நீட்டிவிட்டார்.

அப்புறம் என்ன மாறியது? 1990-களில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க, டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கிளட்சை லேசாக நழுவவிட்டபடியே ஓட்டும் நுட்பம் பரவியது. அதற்கு உதறலைத் தடுக்கும் தனிக் கலவை வேண்டும். 2000-க்குப் பிறகு ஆறு, எட்டு கியர்கள் வந்தன, ஆயிலும் நீர்த்தது. டொயோட்டா, ஹோண்டா, நிசான், ஹூண்டாய் என்று ஒவ்வொருவரும் தனித் தரம் வைத்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸே 1993-ல் டெக்ஸ்ரான்-3, 2005-ல் டெக்ஸ்ரான்-6 என்று போனது. 2006 முடிவோடு டெக்ஸ்ரான்-3 உரிமம் கொடுப்பதை நிறுத்தியும்விட்டது. ஆகவே இன்று ஒரு டின்னில் 'டெக்ஸ்ரான்-3' என்று போட்டிருந்தால், அதற்குப் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸ் இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால், காலாவதியான பேங்க் கேரண்டி. தாள் பளபளப்பாக இருக்கும், கிளெய்ம் போட்டால் பைசா வராது.

அப்பாவின் வண்டியில் இருப்பது சி.வி.டி. இதில் கியர் படிகளே இல்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு இரும்பு பெல்ட் ஓடுகிறது. இரும்பை இரும்பு பிடிக்க வேண்டும். அந்தப் பிடிப்பைக் கொடுப்பது அதற்கென்றே செய்த ஆயில். சாதாரணச் சிவப்பு ஆயிலை ஊற்றினால் பெல்ட் நழுவும், வண்டி உதறும், தொடர்ந்து ஓட்டினால் கப்பியில் கீறல் விழும். ஏ.எம்.டி. இன்னொரு ரகம். இந்தியாவில் 2014-ல் மாருதி செலெரியோவோடு பிரபலமானது. அது கிளட்சையும் கியரையும் மோட்டார் மாற்றிவிடுகிற சாதாரண கியர்பாக்ஸ்தான். அதற்கு கியர் ஆயில், சிவப்பு ஆயில் இல்லை. மூன்றையும் 'ஆட்டோமேடிக்' என்று ஒரே பெயரில் விற்கிறார்கள், அதுதான் வினை.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை எங்கள் எல்லையில் வணிக வரிச் சோதனைச்சாவடிக்கு லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ரோடு ஒன்று, லாரி ஒன்று, மாங்காயும் ஒன்று. ஆனால் கையில் சரியான தாள் இல்லையென்றால் பத்தடி தாண்ட முடியாது. ஆயிலிலும் நிறத்தைப் பார்த்தால் போதாது. டின்னில் எழுதியிருக்கும் தரத்தின் பெயர்தான் தாள்.

சரி, என்ன செய்தோம்? வண்டியை மேற்கொண்டு ஓட்ட வேண்டாம் என்று சொல்லி, பொள்ளாச்சிக்கு ஏற்றி அனுப்பினோம். வண்டிக் கையேட்டில் எந்த ஆயிலின் பெயர் இருந்ததோ அதையே மாப்பிள்ளை தேடி வாங்கினார். ஒருமுறை வடித்து ஊற்றினால் போதாது. டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் பழையது நிறைய தங்கிவிடும். அதனால் வடித்து, ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றினார்கள். செலவு கொஞ்சம் கடித்தது. பெல்ட் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம், எல்லோருக்கும் அது இருக்காது.

நம்மில் பலர் வெளிநாட்டில் ஆட்டோமேடிக் தவிர வேறு ஓட்டுவதில்லை. எனவே சில விஷயங்கள். கையேட்டில் உள்ள தரத்தின் பெயரை எழுதி வண்டியிலேயே வையுங்கள், பட்டறையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை லிட்டர் வடிந்தது, எத்தனை ஊற்றினார்கள் என்று பாருங்கள். கூடினால் நுரைக்கும், குறைந்தால் நழுவும். அளவை எந்தச் சூட்டில், என்ஜின் ஓடும்போதா நின்றபோதா பார்ப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதையும் கையேட்டிலேயே பாருங்கள். ஆயில் கறுத்து, கருகிய வாடை அடித்தால் தள்ளிப்போடாதீர்கள்.

'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று சில கம்பெனிகள் சொல்வதையும் கொஞ்சம் யோசியுங்கள். யாருடைய ஆயுள்? வாரண்டி முடிந்து கைமாறிய வண்டியை வாங்கும் நம்மைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. கடுமையான சூட்டுக்கும் மலைச்சாலைக்கும் பல கையேடுகளில் தனியாக, சீக்கிரம் மாற்றச் சொல்லும் அட்டவணை இருக்கும். வளைகுடா வெயிலில் அதுதான் நமக்கான பக்கம்.

போன வாரம் அப்பா மறுபடி கூப்பிட்டார். பொள்ளாச்சி போய் வந்தாராம். "உதறலே இல்லைடா கண்ணு. காலு நல்லாத்தான் இருக்குது" என்றார். அதற்கப்புறம் முதலமடை மாங்காய் விலைக்குப் போய்விட்டார்.

எழுபது தாண்டிய மனுஷன், வண்டி உதறினால் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். ஊரில் உங்கள் அப்பா, மாமா யாராவது "இனி வண்டி எடுக்கறதில்லை" என்று சொன்னால், வயசைக் காரணம் சொல்வதற்கு முன் கடைசியாக என்ன ஆயில் ஊற்றினார்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டிஸ்கி: நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் வேலை. மெக்கானிக் இல்லை. உங்கள் வண்டிக்கு உங்கள் கையேடு சொல்வதே முடிவு.