அக்கா வீட்டு இலவம்பஞ்சு மெத்தை

எங்க தோட்டத்து வரப்புல இலவமரம் பன்னிரண்டு நிக்குது. போடி பக்கம் மலையடிவாரத்துல இது பெரிய விசயமில்லை. மாசி, பங்குனியில இலையெல்லாம் உதிர்ந்து காய் மட்டும் தொங்கும். வெடிக்கிறதுக்கு முன்னாடி பறிக்கலேன்னா பஞ்சு ஊரெல்லாம் பறக்கும். இலவு காத்த கிளிக்குத்தான் ஏமாற்றம், இலவு காத்த சம்சாரிக்கு இல்லை.

1994-ல அக்காவை எண்ணூருக்குக் கட்டிக் கொடுத்தோம். கட்டிலும் பீரோவும் கடன்ல வாங்கினது. மெத்தை மட்டும் சொந்தப் பஞ்சு. தைக்கிறவரை வீட்டுக்கே வரவழைச்சு, அய்யா பக்கத்துலயே உட்கார்ந்து, மூலை மூலையா அமுக்கிப் பார்த்து நிரப்பச் சொன்னார். எங்க வீட்டுல மெத்தைன்னு ஒண்ணு வந்ததே அன்னைக்குத்தான். அப்பத்தா கடைசி வரைக்கும் கோரைப்பாய்லதான் படுத்தா.

மெத்தை தமிழனுக்குப் புதுசுன்னு சொல்ல வரலை. சங்க இலக்கியத்து நெடுநல்வாடையில பாண்டிமாதேவிக்கு யானைத் தந்தத்துல கால் வச்ச கட்டில், அன்னத்தோட தூவி நிரப்பின படுக்கை. ஆனா அது அரண்மனை. சம்சாரி வீட்டுக்கு மெத்தை சீரோடதான் வந்து சேர்ந்தது.

"மெத்தையை எத்தனை வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும்?"னு டவுன்ல இருக்கிற நண்பர்கள் கேக்குறாங்க. கடைக்காரர் ஏழு வருசம், பத்து வருசம்பார். எங்க காலத்துல மெத்தைன்னா ரெண்டு பொருள்: உறை, பஞ்சு. உறை கிழிஞ்சா உறையை மாத்துவோம். நடுவுல குழி விழுந்து, கட்டில் பலகை முதுகுல தட்டினா பஞ்சைப் பார்ப்போம். அய்யா சொல்லிக் கொடுத்த சோதனை ஒண்ணு உண்டு. ஒரு நாள் நல்ல வெயில்ல போட்டுட்டு, தையலைப் பிரிச்சு ஒரு பிடி பஞ்சை இறுக்கிப் பிடிச்சு விடணும். பொசுபொசுன்னு எழும்பினா இன்னும் ஆயுசு இருக்கு. கையில கட்டியா நின்னாலோ தூளாக் கொட்டினாலோ முடிஞ்சது. பருத்தின்னா வில்லால அடிச்சு மறுபடி எழுப்பிடலாம். இலவம்பஞ்சு வழுவழுன்னு இருக்கும், நூலா நூற்க வராது, பழசானா ஒடியும். அதனால புதுப் பஞ்சுதான் போடணும். மொத்த மெத்தையைத் தூக்கித் தெருவுல வைக்கிற பழக்கம் ஃபோம் வந்த பிறகு வந்தது. ஃபோமைப் பிரிச்சு அடிக்க முடியுமா என்ன?

இந்தப் பஞ்சுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒவ்வொரு இழையும் உள்ளே கூடு மாதிரி காத்து, வெளியே மெழுகுப் பூச்சு. தண்ணியை ஒட்டவிடாது. தன் எடையைப் போல 30 மடங்கு சுமையை மிதக்க வைக்கும்னு சொல்றாங்க. கப்பல்காரங்க போட்டுக்கிற உயிர்காப்புச் சட்டைக்குள்ள ஒரு காலத்துல இருந்தது இதுதான். அப்ப உலகத்துக்கு இலவம்பஞ்சு பெரும்பாலும் ஜாவாவிலிருந்து போச்சு. 1942-ல ஜப்பான் ஜாவாவைப் பிடிச்சதும் அமெரிக்காவுக்கு வரத்து நின்னுபோச்சு. அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை விட்டு, நம்ம எருக்குக்குச் சொந்தக்காரச் செடி ஒண்ணோட காய்களைப் பொறுக்க வச்சு, அந்தப் பஞ்சை அடைச்சாங்க. துறைமுகத்துக்குப் பக்கத்துல வாழப்போற பொண்ணுக்கு அய்யா கொடுத்தது சரியான சீர்தான், தெரிஞ்சு கொடுக்கலைன்னாலும்.

2015 டிசம்பர் மழையில அக்கா வீட்டுக்குள்ள தண்ணி வந்தது. பக்கத்து வீட்டு ஃபோம் மெத்தை தண்ணி குடிச்சு, நாலு பேரு சேர்ந்தும் தூக்க முடியலை. அக்காவோடது உறை மட்டும் ஊறிச்சு. மொட்டை மாடியில ஒரு வாரம் காய்ஞ்சதும் எழும்பிடுச்சு. "அய்யா மெத்தைடா, வெள்ளம் தொடாது"ன்னு போன்ல சிரிச்சா.

2017 ஜனவரி 28-ல காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாளியால அள்ளினாங்களே, அதேதான். அது கடலோட நின்னது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா கொசஸ்தலையாத்துல கலந்து, எண்ணூர்ல வீடுகளுக்குள்ளேயே வந்துடுச்சு. மீனவங்க வலை, படகு எல்லாம் கறுப்பு.

இலவம்பஞ்சு தண்ணியைத்தான் ஒதுக்கும், எண்ணெயைக் குடிக்கும். தன் எடையைப் போலப் பல மடங்கு உறிஞ்சும். கடல்ல சிந்தின எண்ணெயை எடுக்க இதைப் பயன்படுத்தலாம்னு ஆராய்ச்சியே நடந்திருக்கு. மிதக்க வைக்கிற அதே மெழுகுதான் எண்ணெயை இழுத்துக்கும்.

நான் போனப்ப மெத்தை கட்டில்லயே கிடந்தது. அடிப்பக்கம் பாதிக்கு மேல தார் மாதிரி இருந்துச்சு. மேல்பக்கம் அய்யா நிரப்பின வெள்ளைப் பஞ்சு அப்படியே இருந்தது. "மேலே இருக்கிறதையாவது எடுத்து ஒரு தலகாணி தைக்கலாமா தம்பி?"ன்னு கேட்டா. ஒரு பிடி எடுத்து இறுக்கி விட்டேன். இருபத்தொன்பது வருசத்துப் பஞ்சு, இன்னும் கொஞ்சம் எழும்பிச்சு. ஆனா டீசல் வாடை. "வேணாம்க்கா"ன்னேன். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், தெருவுல கிடந்த மத்த மெத்தைகளோட போட்டோம். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

அடுத்த வருசச் சித்திரையில பன்னிரண்டு மரத்துக் காயையும் வியாபாரிக்குக் கொடுக்காம வச்சிருந்து, புது மெத்தை தச்சு லாரியில ஏத்தி விட்டேன். கிடைச்சதுன்னு போன் பண்ணினா. கட்டிலோட நாலு காலுக்கும் அடியில ரெண்டு ரெண்டு ஹாலோபிளாக் கல்லு வச்சிருக்காளாம். ஏறிப் படுக்க ஸ்டூல் போட்டுக்கிறாளாம்.